20 கிலோ எடை, 42,000 ஊசி: இன்சுலினோடு 58 ஆண்டு வாழ்ந்த எலிசபெத் ஹியூஸ்

நீரிழிவு என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? மாத்திரைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவா? சீனி போடாத கோப்பி கேட்கும் மாமாவா?

11 வயதுப் பிள்ளைக்கும் நீரிழிவு வரலாம். இனிப்பு அதிகம் சாப்பிடாத பிள்ளைக்கும் வரலாம். அதுதான் டைப் 1 நீரிழிவு.

நூறு ஆண்டுக்கு முன்பு அந்த நோய் ஒரு பிள்ளைக்கு வந்தால், பெற்றோர் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிறுமி ஒருவருக்கு அது வந்தது. 15 வயதை எட்டும்போது அவர் எடை வெறும் 20 கிலோ.

ஆனால் அவர் 73 வயது வரை வாழ்ந்தார். படித்துப் பட்டம் வாங்கினார், திருமணம் செய்துகொண்டார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார். அவர் பெயர் எலிசபெத் ஹியூஸ். இன்சுலின் வரலாற்றில் கட்டாயம் இடம்பெறும் பெயர்.

அவ்வளவு நாள் எப்படி வாழ்ந்தார்? மருந்து கிடைத்ததால் மட்டுமா? வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த எலிசபெத்?

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி பிறந்தவர் எலிசபெத். அப்பா சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் அப்போது நியூயார்க் மாநில ஆளுநர்.

அப்பா அதோடு நிற்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1916ல் அதிபர் தேர்தலில் நின்று உட்ரோ வில்சனிடம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1921ல் வெளியுறவு அமைச்சரானார். 1930ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார்.

பணம், பதவி, செல்வாக்கு எல்லாம் இருந்த வீடு. ஆனால் 1919ல் 11 வயது எலிசபெத்துக்கு நீரிழிவு என்று மருத்துவர்கள் சொன்னபோது, அந்தச் செல்வாக்கால் வாங்கக்கூடிய மருந்து உலகில் எங்குமே இல்லை.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

நீங்கள் சாப்பிடும் சோறு, ரொட்டி, மீ எல்லாம் வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கும். அந்தச் சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் போனால்தான் உங்களுக்குத் தெம்பு. அணுக்களின் கதவைத் திறந்துவிடும் சாவிதான் இன்சுலின். கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது.

டைப் 1 நீரிழிவில், கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, இன்சுலினைச் சுரக்கும் அணுக்களையே தாக்கி அழித்துவிடுகிறது. சாவி இல்லாமல் போகிறது. ரத்தம் நிறைய சர்க்கரை இருந்தும் உடல் பட்டினி கிடக்கிறது.

அப்போது உடல் கொழுப்பை வேகமாக எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன் எனும் பொருள்கள் ரத்தத்தை அமிலமாக்கிவிடும். பிறகு மயக்கம், கடைசியில் மரணம்.

இது பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் டைப் 2 நீரிழிவிலிருந்து வேறுபட்டது. டைப் 2ல் பெரும்பாலும் இன்சுலின் இருக்கும், உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. டைப் 1ல் இன்சுலின் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். இனிப்பு சாப்பிட்டதால் வந்தது என்று பிள்ளையையோ பெற்றோரையோ குறை சொல்வதில் அர்த்தமே இல்லை.

பட்டினியே சிகிச்சை

எலிசபெத்தை அவருடைய பெற்றோர் ஃபிரெட்ரிக் ஆலன் என்ற மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நீரிழிவுச் சிகிச்சையில் அன்று அவர் பெரிய பெயர்.

அவருடைய சிகிச்சை என்ன தெரியுமா? சாப்பாட்டைக் குறைப்பது. கொஞ்சநஞ்சம் இல்லை, பட்டினி என்று சொல்லும் அளவுக்கு.

உடலால் சர்க்கரையைச் சமாளிக்க முடியவில்லை என்றால் சர்க்கரையே உள்ளே போகக்கூடாது என்பது அவர் கணக்கு. முதல் சில வாரங்களுக்கு எலிசபெத்துக்கு நாளொன்றுக்கு 400 முதல் 600 கலோரிதான். கோழியோடு ஒரு தட்டு நாசி லெமாக் சாப்பிட்டாலே ஏறத்தாழ அவ்வளவு வந்துவிடும்! வாரத்தில் ஒரு நாள் விரதம் வேறு. காய்கறியைக்கூட மூன்று முறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, அதிலிருந்த மாவுச்சத்தையும் எடுத்துவிட்டுத் தருவது அந்தக் காலத்து வழக்கம்.

இது நோயைக் குணப்படுத்தாது என்பது ஆலனுக்கும் தெரியும். அவர் கொடுத்தது அவகாசம் மட்டுமே. புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கும் வரை பிள்ளை தாக்குப்பிடித்தால் போதும். அப்படிக் காத்திருந்த பிள்ளைகளில் பலர் நோயாலோ பட்டினியாலோ இறந்துபோனார்கள்.

சிகிச்சை தொடங்கும்போது எலிசபெத் சுமார் 150 செண்டிமீட்டர் உயரம், 34 கிலோ எடை. மூன்று ஆண்டு கழித்து 20 கிலோ. எலும்பும் தோலும்தான் மிச்சம்.

ஆனாலும் அவர் புத்தகம் படிப்பதை நிறுத்தவில்லை. அம்மாவுக்கு விடாமல் கடிதம் எழுதினார். உடன் இருந்த தாதி பிளான்ச் பர்ஜெஸ் ஒவ்வோர் உணவையும் எடைபோட்டுக் கொடுத்தார், எல்லாவற்றையும் எழுதிவைத்தார். எதை, எவ்வளவு சாப்பிட்டால் உடல் என்ன செய்கிறது என்று கவனிக்கும் பழக்கம் அந்தக் கொடுமையான மூன்று ஆண்டில் எலிசபெத்துக்குள் ஊறிப்போனது. அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

டொராண்டோவிலிருந்து ஒரு செய்தி

1921ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் பேண்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும், பேராசிரியர் ஜான் மெக்லியோடின் ஆய்வுக்கூடத்தில், விலங்குகளின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஜேம்ஸ் கொலிப் அதைச் சுத்திகரித்தார். அதுதான் இன்சுலின்.

1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது போடப்பட்டது. முதல் ஊசி அவ்வளவாகப் பலன் தரவில்லை. சில நாள் கழித்து, இன்னும் சுத்தமாக்கிப் போட்ட ஊசியில் அவன் ரத்தச் சர்க்கரை இறங்கியது.

செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் பேண்டிங்குக்கு எழுதினார்கள். எலிசபெத்தின் அம்மா அன்டுவனெட்டும் ஜூலையில் எழுதினார். மருந்து கையிருப்பில் இல்லை என்பதே முதலில் வந்த பதில்.

ஆகஸ்ட்டில் நிலைமை மாறியது. எலிசபெத்தும் தாதி பிளான்ச்சும் டொராண்டோவுக்குப் போனார்கள். ஆகஸ்ட் 16ஆம் தேதி, 15வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, பேண்டிங் அவரைப் பரிசோதித்தார்.

இங்கே ஓர் உண்மையையும் நீங்கள் பார்க்க வேண்டும். தனித் தாதி, டொராண்டோவில் மாதக்கணக்கில் தங்கும் வசதி, அமைச்சராக இருக்கும் அப்பா எல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்துவிடாது. அதே மாதத்தில், அதே நோயோடு, ஊசி எட்டாத தூரத்தில் எத்தனையோ பிள்ளைகள் இருந்தார்கள்.

மீண்டும் ரொட்டி

ஊசி தொடங்கிய சில நாளிலேயே எலிசபெத்தின் சிறுநீரில் சர்க்கரை மறைந்தது. பேண்டிங் சாப்பாட்டை மளமளவெனக் கூட்டினார். இரண்டு வாரத்துக்குள் நாளொன்றுக்கு 2,200 கலோரிக்கு மேல் போனது.

மூன்று ஆண்டுக்கும் மேல் தொடாத ரொட்டியைச் சாப்பிட்டார், உருளைக்கிழங்கு சாப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தை அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் கொட்டித் தீர்த்தார். அந்தக் கடிதங்கள் இன்றும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அரிய நூல்கள் நூலகத்தில் இருக்கின்றன.

ஊசி சுகமாக ஒன்றும் இருக்கவில்லை. அன்றைய இன்சுலின் முழுச் சுத்தமில்லை. அதிக அளவு செலுத்த வேண்டியிருந்தது. போட்ட இடம் வீங்கும், வலிக்கும். சில வேளைகளில் சர்க்கரை தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது மிட்டாய் சாப்பிட்டுச் சமாளிக்க வேண்டும்.

நவம்பர் இறுதியில் எலிசபெத் டொராண்டோவை விட்டுக் கிளம்பினார். போகும்போது வெறும் நோயாளியாக இல்லை. ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகியிருந்தார்.

58 ஆண்டுகள் எப்படிப் போயின?

மருந்து கிடைத்தது, பிழைத்தார், சுபம் என்று பல கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும். உண்மையில் எலிசபெத்தின் நீண்ட வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவி அன்று இல்லை. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சர் இல்லை. கைத்தொலைபேசியில் எச்சரிக்கை வராது. இன்சுலின் பேனாவும் இல்லை, பம்ப்பும் இல்லை.

அன்று இருந்தது சிறுநீர்ச் சோதனை. சோதனைக் குழாயில் நீல நிறக் கரைசல், அதில் சில சொட்டுச் சிறுநீர், பிறகு சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் சிவப்பானால் மிக அதிகம். அதுவும் அந்த நிமிட நிலவரத்தைச் சொல்லாது, கடந்த சில மணி நேரத்தின் கதையைத்தான் சொல்லும்.

கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 1930களின் பிற்பாதியில்தான் வந்தது.

இப்படித்தான் அந்தத் தலைமுறை நாள் ஒவ்வொன்றையும் ஓட்டியது. எலிசபெத் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 42,000 ஊசி போட்டுக்கொண்டார் எனக் கணக்கிடப்படுகிறது. 58 ஆண்டுகளுக்குப் பிரித்தால் நாளுக்கு இரண்டு. படிப்பு, காதல், பிரசவம், பயணம், துக்கம் எது இருந்தாலும் இரண்டு.

ஆலனிடம் பட்டினி கிடந்தபோது ஊறிய பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னோமே? சாப்பாட்டை அளப்பது, எழுதிவைப்பது, உடலைக் கவனிப்பது. பட்டினி போய்விட்டது. அந்தக் கவனம் இன்சுலினோடு கைகோத்தது.

1929ல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1930ல் வில்லியம் காசெட் என்ற வழக்கறிஞரை மணந்தார். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்தார். பொதுச் சேவையில் இறங்கினார். 1974ல் தொடங்கப்பட்ட அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

1981 ஏப்ரலில், 73வது வயதில் காலமானார். அவரைக் காப்பாற்றிய பேண்டிங் 1941ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். முதல் ஊசி போட்டுக்கொண்ட லெனர்ட் தாம்சன் 1935ல், இருபதுகளிலேயே காலமானார்.

எலிசபெத் மட்டும் விதிவிலக்கா என்று கேட்கலாம். இல்லை. 1922ல் பேண்டிங்கிடம் சிகிச்சை பெற்ற இன்னொரு பிள்ளை டெட்டி ரைடர். அப்போது அவனுக்கு 6 வயதுகூட நிரம்பவில்லை, எடை 12 கிலோ. அவர் 1993 வரை, 76 வயது வரை வாழ்ந்தார். இன்சுலினோடு 70 ஆண்டுக்கும் மேல்!

கவனமாக இருந்தால் பலன் உண்டா? 1993ல் கிடைத்த பதில்

எலிசபெத் வாழ்ந்த காலம் முழுவதும் மருத்துவர்களுக்குள் ஒரு வாதம் இருந்தது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் தப்பிக்குமா? இல்லை, எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவை பாதிக்கப்படுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த ஆய்வு, 1993ல் தெளிவான பதிலைத் தந்தது. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சை பெற்றார்கள். மற்றவர்கள் அடிக்கடி சோதித்து, அதற்கேற்ப இன்சுலின் எடுத்து, சர்க்கரையை இயன்றவரை இயல்பு நிலைக்கு அருகில் வைத்தார்கள்.

சராசரியாக ஆறரை ஆண்டுகள் கவனித்ததில், இரண்டாவது பிரிவினருக்கு:

• கண் பாதிப்பு ஏற்படும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது
• நரம்பு பாதிப்பின் அபாயம் 60 விழுக்காடு குறைந்தது
• சிறுநீரக பாதிப்பின் அபாயம் 50 விழுக்காடு குறைந்தது

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பிரிவினரின் மூன்று மாதச் சராசரி அளவான எச்பிஏ1சி சுமார் 7 விழுக்காடு. நீரிழிவு இல்லாதவரின் அளவைவிட அது அதிகம். அப்படியும் இவ்வளவு பலன். ஒரு நாள் அளவு ஏறிவிட்டால் எல்லாம் போச்சு என்று மனமுடைய வேண்டியதில்லை. பல ஆண்டுகளின் சராசரிதான் முக்கியம்.

அதே ஆய்வில் ஒரு சிக்கலும் தெரிந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, அது ஆபத்தான அளவுக்கு இறங்கும் சம்பவங்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு நடந்தன. இன்றைய கருவிகளும் இன்சுலின் வகைகளும் அந்த ஆபத்தைக் குறைக்க உதவுகின்றன. முழுக்கப் போய்விடவில்லை.

எலிசபெத்தின் ரகசியம்

இப்போது அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கத்துக்கு வருவோம். எலிசபெத் தன் நோயைக் கிட்டத்தட்ட யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் ஆவணங்களில் அதைப் பற்றி இருந்த குறிப்புகளையும் நீக்கினார். பழகியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர் என்பதே தெரியாது. வரலாற்றாசிரியர் மைக்கல் பிளிஸ் எழுதிய இன்சுலின் வரலாறு 1982ல் வெளிவந்த பிறகே அவர் கதை பலருக்கும் தெரிய வந்தது.

அதற்காக அவரைக் குறை சொல்லிவிட முடியாது. நீரிழிவு உள்ளவர் என்றால் வேலை கொடுக்கத் தயங்கிய காலம், திருமணத்துக்கு யோசித்த காலம், காப்புறுதி மறுத்த காலம் அது. 11 வயதிலிருந்து 15 வயது வரை சாகப்போகும் பிள்ளை என்றே பார்க்கப்பட்ட ஒருவர், மிச்ச வாழ்க்கையில் அந்தப் பார்வையே வேண்டாம் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதற்கு உணர்ச்சியைவிட உடல்தான் பெரிய காரணம். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காது. யோசிக்க முடியாது, பேச்சு குழறும். உதவி கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவே முடியாமல் போகலாம். அப்போது பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

எல்லாரிடமும் பறைசாற்றத் தேவையில்லை. கூடப் படிப்பவர், கூட விளையாடுபவர், ஆசிரியர், பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர் என நான்கைந்து பேருக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் நண்பருக்கு டைப் 1 இருந்தால்?

• கை நடுக்கம், வியர்வை, குழப்பம், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அவருக்கு நினைவு இருந்தால், அவரால் விழுங்க முடிந்தால், சீனி கலந்த பானமோ பழச்சாறோ உடனே கொடுங்கள். சீனி இல்லாத பானம் இங்கே உதவாது.

• மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

• சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டால் வெறித்துப் பார்க்காதீர்கள். இதைச் சாப்பிடலாமா என்று ஒவ்வொரு கவளத்துக்கும் கேட்காதீர்கள். கணக்கு அவருக்குத் தெரியும்.

• யாருக்காவது அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவு, ஓயாத களைப்பு என்று தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். டைப் 1 வேகமாக முற்றும்.

உங்களுக்கே டைப் 1 இருந்தால், ஊசியின் அளவையோ நேரத்தையோ மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை, எதுவும் தெரியாதபோதும் தவறவிடாதீர்கள். ஆரம்பப் பாதிப்புகள் பெரும்பாலும் வலிக்காது.

எலிசபெத் ஹியூஸ் நீல நிறக் கரைசலையும் கொதிக்கவைத்த ஊசியையும் வைத்துக்கொண்டு 58 ஆண்டு வாழ்ந்து காட்டினார். உங்களிடம் அதைவிட எவ்வளவோ நல்ல கருவிகள் இருக்கின்றன. அவருக்கு அமையாத இன்னொன்றும் உங்களுக்கு அமையலாம்: விஷயம் தெரிந்து, பையில் ஒரு பாக்கெட் பழச்சாறு வைத்திருக்கும் நண்பர். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.